பின்பாரம்

என் கைக்கடிகாரத்தில் காலை ஆறு மணி. ரோமன் ஷ்லாபாக்கின் அடுப்படிக் கடிகாரத்தில் ஐந்து. கோடைக்காக நாடு முழுக்க மணியை முன்னால் தள்ளி வைத்தபோது அவர்கள் சபை தள்ளவில்லை. மின்சாரமும் மோட்டார் வண்டி ஓட்டுவதும் கூடாது என்று வாழும் ஆமிஷ் சபைக்காரர்களுக்குப் பதினொரு வருடமாக டிரக் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து. இந்த இரட்டை மணிக்கணக்கும் பழகிவிட்டது.

ரோமன் வந்து முன் சீட்டில் ஏறினான். முப்பத்தெட்டு வயது. கூரை வேய்கிறவன். சாப்பாட்டுக் கூடையைக் காணவில்லை.

"இன்னிக்கு வேலை இல்ல, க்ளெண்டா. டிரெய்லர் வாங்கப் போறோம்."

"சலோமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மற்ற நாட்களில் அவன் மனைவி சலோமா வாசல்வரை வருவாள். அன்று வரவில்லை.

ஏப்ரலில் அவனுடைய காற்றில் ஓடும் ஆணித் துப்பாக்கிகள் நான்கும் களவு போயின. வேலை நடந்த வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தோம். அதன் பிறகு தினமும் எல்லாவற்றையும் என் டிரக்கில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி. பொழுதில் ஒன்றரை மணி நேரம் அதற்கே போனது. பக்கத்து ஊர் வேலைகளும் முடிந்துவிட்டன. இனிக் கிடைப்பதெல்லாம் நாற்பது, ஐம்பது மைல் தள்ளி. பூட்டி வைக்க ஒரு பெட்டி இல்லாமல் அவற்றை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் மறுபடியும் ஜன்னல் தொழிற்சாலை. ரோமன் அங்கே ஒன்பது வருடம் இருந்தவன். அதைப் பற்றிப் பேசமாட்டான்.

விற்கும் இடம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சரளைக்கல் மைதானம். வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று வரிசையாக மூடிய பெட்டி டிரெய்லர்கள். விற்பவன் பெயர் டஸ்டின். ரோமனின் வைக்கோல் தொப்பியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யாருக்கு?"

"எனக்கு," என்றான் ரோமன்.

"இழுக்கறது?"

"இவங்க."

ஆறடிக்குப் பன்னிரண்டடி. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். அந்த அளவில் மூன்று இருந்தன. ஒன்று மற்றவற்றைவிட மலிவு. ரோமன் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். சரளையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். குறுக்குச் சட்டங்களை விரலால் சாண் போட்டு அளந்தான்.

"இதுல இருபத்திநாலு அங்குலத்துக்கு ஒரு சட்டம். பக்கத்துல இருக்கறதுல பதினாறு."

"அதனாலதான் விலை கம்மி," என்றான் டஸ்டின்.

"இப்ப சொல்றீங்க. முதல்ல கேட்டப்போ யாரோ ஆர்டர் கொடுத்துட்டு வாங்கலன்னு சொன்னீங்க."

"ரெண்டும்தான்."

ரோமன் அடுத்த பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னான். வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்க்க. சாத்தினேன். வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. டஸ்டின் என்னைப் பார்த்தான்.

"உங்க ஆளு ஜெபம் பண்றாரா?"

"கூரையப் பாக்கறான்."

"திறங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "மூணாவது மடிப்புல பசை விட்டிருக்கு. இது ஒரு மழைக்காலம் வெளில நின்ன பெட்டி. புதுசுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க."

"இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல."

"கூரை போடறவன் யாரும் வந்திருக்கமாட்டான்."

மூன்றாவதை எடுத்தான். வெள்ளை. எழுத்து, கோடு எதுவும் இல்லை. உள்ளே இருந்த விளக்கை அங்கேயே கழற்றி டஸ்டின் கையில் கொடுத்தான். டஸ்டின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"பாரம் ஏத்தறப்போ ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"வண்டியில பாரம் ஏத்தறது எங்களுக்குப் பழக்கம்தான்," என்றான் ரோமன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது சலோமா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை. கொடி நிறையக் கறுப்பும் ஊதாவும். கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பூட்டு எதுக்கு?"

"களவு போனது மறந்துடுச்சா?"

"சன்னல் எங்க?"

"சாமான் வைக்கறதுக்குச் சன்னல் எதுக்கு, சலோமா?"

"சன்னல் இல்லாம பூட்டும் போட்டா, உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டா சொல்வேன்."

"போன தடவையும் கேட்டேன். நீயும் சொன்ன."

அவள் திரும்பிக் கொடிக்குப் போனாள். ரோமன் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன தடவை என்பது இரண்டு வருடத்துக்கு முன்னால். தொழிற்சாலையில் யாரிடமோ வாங்கிய, சபை அனுமதிக்காத ஒரு கைப்பேசி சாப்பாட்டுக் கூடையின் அடியில், துணிக்குக் கீழே இருந்தது. இல்லை என்று அவளிடம் இரண்டு மாதம் சொல்லியிருக்கிறான். சபை ஆறு வாரம் விலக்கி வைத்தது. விலக்கியவனோடு யாரும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அந்த ஆறு வாரமும் அவனுக்குத் தனியாக ஒரு சின்ன மேசை போட்டுச் சாப்பாடு வைத்தது சலோமாதான். அதன் பிறகுதான் தொழிற்சாலையை விட்டுக் கூரை வேலைக்கு வந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் யூரா கீம் வந்தார். சபையின் டீக்கன், ஒழுங்கை விசாரிப்பவர். குதிரைச் சேணம் தைப்பது தொழில். சோளம் எப்படி என்று கேட்டார். மழை வருமா என்று கேட்டார். அப்னரின் பல்வலியைக் கேட்டார். அப்னர் சலோமாவின் அண்ணன், ரோமனோடு வேலை செய்கிறவன். நாற்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

"பல்லு இருக்கு, வலியும் இருக்கு," என்றான் அப்னர். "ரெண்டுல ஒண்ண எடுத்துக்கறதுன்னா வலிய எடுத்துக்குங்க."

யூரா சிரிக்கவில்லை. "கதவத் திற, ரோமன்," என்றார்.

உள்ளே ஏறினார். தரையைத் தட்டிப் பார்த்தார். மேலே, விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஒயர் நுனிகள் டேப் சுற்றித் தொங்கின.

"இது என்ன?"

"விளக்க எடுத்துட்டேன்."

"விளக்க எடுத்துட்ட. ஒயர வெச்சிருக்க. நாளைக்கு இதுல என்ன மாட்டுவ?"

ரோமன் ஒயரைப் பிடித்து இழுத்தான். முழுசாக, ஓரப் பட்டையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. சுருட்டி யூராவின் கையில் கொடுத்தான்.

"கோவப்படாத. கேக்கறதுதான் என் வேலை."

"கோவமில்ல."

"இன்னிக்கு டிரெய்லர். இழுக்க க்ளெண்டா இருக்காங்க. க்ளெண்டாவால முடியாமப் போற அன்னிக்கு?"

"நான் இன்னும் சாகல, யூரா," என்றேன்.

"நீங்க நூறு வயசு இருங்க. நான் டிரக்கச் சொல்றேன். டிரெய்லர் வாங்கினவன் அடுத்து எதை வாங்குவான்?"

"டிரக் வாங்கப்போறேன்னு யாரு சொன்னா?" என்றான் ரோமன்.

"யாரும் சொல்லல. எல்லாரும் நினைக்கறாங்க."

அக்டோபர் முதல் ஞாயிறு ஒழுங்குக் கூட்டம். அன்று எல்லோரிடமும் தனித்தனியாக, சபையோடு சமாதானமா என்று கேட்பார்கள். ஆண்கள் பக்கம் போதகர் போவார். பெண்கள் பக்கம் டீக்கன், பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து. எல்லோரும் சமாதானம் என்று சொன்னால்தான் இரண்டு வாரம் கழித்து, சபை சேர்ந்து ரொட்டி பிட்டு உண்ணும் திருவிருந்து. ஒருத்தர் இல்லை என்றால் யாருக்கும் இல்லை. பெட்டி சமாதானத்தைக் கெடுத்தால் விற்றுவிட வேண்டும். பிறகு தொழிற்சாலைதான். யூரா இதையெல்லாம் சொல்லவில்லை. "இன்னும் அஞ்சு ஞாயிறு இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த ஒன்பது நாள் சாயங்காலங்களில் ரோமன் பெட்டிக்குள்தான் இருந்தான். இரண்டு பக்கமும் பாப்லர் மரத்தில் தட்டுகள். தட்டுக்குத் தட்டு விளிம்பில் கட்டை, குலுங்கினால் எதுவும் விழாதபடி. ஆணித் துப்பாக்கிகளுக்கு மர முளைகள். காற்றுக் குழாய்க்கு உருளை. கூரையில் ஒரு சதுரம் வெட்டிப் பால்நிறக் கண்ணாடி இழைத் தகடு பதித்தான், வெளிச்சத்துக்கு. டீசலில் ஓடும் காற்று அமுக்கி, அதாவது கம்ப்ரசர், ஐந்நூறு பவுண்டு. அதைப் பின்கதவு ஓரமாக முடுக்கினான். புகை வெளியே போக வேண்டும், எண்ணெய் ஊற்ற எட்ட வேண்டும். ஆணிப் பெட்டிகளும் அங்கேயே.

டிரக்கோடு கோக்கும் முன்பக்கத்து இரும்புத் தண்டை, குதிரை வண்டிக்குச் சொல்வதுபோலவே, அவர்கள் ஏர்க்கால் என்பார்கள். எல்லாம் ஏற்றி முடித்த அன்று ரோமன் என்னைக் கூப்பிட்டான். ஏர்க்காலின் நுனியை இரண்டு விரலால் தூக்கினான். பெட்டியின் முன்பக்கம் எழும்பியது.

"பாத்தீங்களா. உங்க டிரக்குக்கு, பின்னால ஒண்ணு வருதுன்னே தெரியாது."

"தொட்டில் மாதிரி," என்றான் அப்னர்.

நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். பேருந்து ஓட்டியவளுக்குப் பின்னால் எதையும் இழுத்துப் பழக்கம் கிடையாது.

திங்கட்கிழமை கிளம்பினோம். நாற்பத்திரண்டு மைல். ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு நீண்ட இறக்கம். பாதி இறக்கத்தில் டிரக்கின் பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது. காற்று என்று நினைத்தேன். மறுபடி ஆட்டியது, இன்னும் அகலமாக. பிரேக்கை மிதித்தேன். அது பெரிய தப்பு. பெட்டி என்னை இடது பக்கம் இழுத்துப்போனது, பிறகு வலது பக்கம். எதிரே மர லாரி. ஹாரன் விடாமல் அடித்தான். காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டேன். அடிவாரத்தில், புல்லில் போய் நின்றோம்.

 அப்னரின் காபி அவன் மடி முழுக்க. ஆறிப்போன காபியா என்று அவனே தொட்டுப் பார்த்தான்.

"எவ்வளவுல போனீங்க?" என்றான் ரோமன்.

"ஐம்பத்தஞ்சு."

"எழுபது மாதிரி இருந்துச்சு."

"எழுபது எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்?"

அவன் காலடியில் விழுந்திருந்த தொப்பியை எடுத்து மாட்டினான்.  நான் அடுத்ததையும் கேட்டேன்.

"எனக்குச் சொல்லாம உள்ள ஏதாவது ஏத்தியிருக்கியா?"

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" சாவியை என் மடியில் போட்டான். "போய்ப் பாருங்க."

கீழே இறங்கிக் கதவைத் திறந்தேன். அவன் முன்னாலேயே ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். ஆணி, கத்தி, குழாய், ஒரு டின் பசை. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"திருப்தியா?"

"இல்ல," என்றேன். அது உண்மை.

முப்பதுக்கு மேல் போகாமல் வீடு திரும்பினோம். அப்னரிடம் ஒன்று போனால் அது மூன்று பண்ணை தாண்டாமல் நிற்காது. இருட்டும் முன்னே யூராவுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை டஸ்டினுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏர்க்கால்ல எவ்வளவு எடை நிக்குது?" என்றான்.

"எடையே இல்ல. ரெண்டு விரல்ல தூக்கலாம்."

 டஸ்டின் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு விளக்கினான்.

ரோமன் வீட்டுக்குப் போனபோது யூராவின் குதிரை வேலியில் கட்டியிருந்தது. யூரா கையைப் பெட்டியின் ஏர்க்கால்மேல் வைத்துக்கொண்டு நின்றார். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ரோமன், அப்னர், சலோமா மூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

"அருமையா நிறுத்தியிருக்கான்," என்றார் என்னிடம். "முன்பாரமும் இல்ல, பின்பாரமும் இல்ல. இதுல தப்பே கிடையாது. அப்ப தப்பு வேற எங்கயோ இருக்கு."

வேற எங்கயோ என்றபோது ரோமனைப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"தப்பு அதுலதான் இருக்கு, யூரா. தீவனம் நிறுக்கற தராசு இருக்கா?"

அப்னர் தொழுவத்திலிருந்து தராசை உருட்டிக்கொண்டு வந்தான். ஏர்க்காலை அதன்மேல் இறக்கினோம். நாற்பது பவுண்டு.

"இங்க முன்னூறு இருக்கணும்," என்றேன்.

"முன்னூறா? எந்தக் குதிரை தாங்கும்?"

"குதிரை இல்ல, யூரா. டிரக்."

யூரா தராசைப் பார்த்தார். டிரக்கைப் பார்த்தார். ரோமனைப் பார்த்தார்.

"கழுத்துல பாரம் இறங்கினாத்தான் இது நேரா வரும்," என்றேன். "பின்னால ஏத்தினா ஆடும். ஆடினா நம்மளயும் சேத்துப் புரட்டும். நேத்து புரட்டியிருக்கும்."

ரோமனின் காது சிவந்துவிட்டது. முதலில் சிரித்தது யூராதான். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தாடி ஆட.

"ஊரே சொல்லுது, ரோமன் டிரக் வாங்கப்போறான்னு. இவன் டிரக்குக்குக் கழுத்து வலிக்குமேன்னு பயந்திருக்கான்!"

"ஓட்ஸும் வாங்கி வெச்சிருக்கான்," என்றான் அப்னர். "லாடம் இன்னும் அடிக்கல."

"நானா இருந்தாலும் இப்படித்தான் ஏத்தியிருப்பேன்," என்றார் யூரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கப்பாவும் இப்படித்தான் ஏத்தியிருப்பாரு. இத எல்லார்கிட்டயும் நானே சொல்றேன், ரோமன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

சலோமாவும் சிரித்தாள். ஏப்ரன் நுனியால் வாயை மூடிக்கொண்டு. அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ரோமன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

யூராவைச் சாப்பிட உட்காரவைத்தாள். கோழி போட்ட நூடுல்ஸ், பீட்ரூட் ஊறுகாய், ரொட்டி, அதில் தடவ ஆப்பிளைக் குழையக் காய்ச்சிய ஆப்பிள் வெண்ணெய். யூரா இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். முட்கரண்டியை நடுவில் நிறுத்தி, "முன்னூறு பவுண்டு," என்று மறுபடி சிரித்தார்.

காற்று அமுக்கியை முன்னால் நகர்த்த மூன்று சாயங்காலம் ஆனது. புகைக்குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே வளைத்து விட்டான். ஆணிப் பெட்டிகளும் முன்னால் போயின. இப்போது ஏர்க்காலைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதே இறக்கத்தில் ஐம்பத்தைந்தில் போனேன். பெட்டி கோடு போட்டதுபோல் வந்தது. போகிற வழியெல்லாம் பண்ணை வாசல்களில் என் டிரக்கைக் கண்டவர்கள் தங்கள் பிடரியைத் தடவிக் காட்டினார்கள். யூரா சொன்னபடி எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, மேட்டின்மேல் ஒரு பழைய வீட்டில் வேலை. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. விடியும்போதே தூறல். பெட்டியைப் பின்னோக்கி உள்ளே விட வேண்டும். ஒரு பக்கம் களஞ்சியத்தின் கல் சுவர், மறுபக்கம் நீரூற்றின் மேல் கட்டிய கொட்டகை. நடுவில் எட்டடி. என் கழுத்து இரண்டு நாளாகத் திரும்பவில்லை.

முதல் தடவை பெட்டி வலது பக்கம் மடிந்தது. இரண்டாவது தடவை இடது பக்கம். ரோமன் பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வலது! வலது! ஐயோ, உங்க வலது இல்ல, பெட்டியோட வலது!"

"பெட்டிக்கு ஏதுடா வலது இடது?"

"இப்படியே போனா கொட்டகை கூரையும் நாமதான் போடணும்," என்றான் அப்னர்.

நான்காவது தடவை சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. டயர் சேற்றில் வழுக்கியது. ரோமன் நடந்து வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இறங்குங்க," என்றான்.

இறங்கியிருக்கக் கூடாது. ஞானஸ்நானம் வாங்கிய ஆள். ஸ்டியரிங்கைத் தொட்டால் அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தது. கழுத்து வலித்தது. இறங்கினேன்.

அவன் ஏறி உட்கார்ந்தான். சீட்டைப் பின்னால் தள்ளினான். கதவுப் பக்கத்துப் பொத்தானை, பார்க்காமலே, விரலால் அழுத்தி பின்னால் பார்க்கும் வலது கண்ணாடியைக் கீழே சாய்த்தான், பெட்டியின் சக்கரம் தெரியும் அளவுக்கு. ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கையை மட்டும் வைத்தான். டயர் வழுக்காமல் மெதுவாக முன்னால் ஒரு வண்டி நீளம் போனான். நேராக்கினான். பிறகு பின்னால் வந்தான். நிறுத்தவில்லை. சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவில் பெட்டி தண்ணீர்போல உள்ளே போய் நின்றது.

அப்னர் கூரை ஓட்டுக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமாக எண்ணினான்.

ரோமன் இறங்கிச் சாவியைக் கொடுத்தான்.

"குதிரைய வண்டியோட பின்னால தள்ளுவோமே. அதேதான்," என்றான்.

இருக்கலாம். பிறந்ததிலிருந்து வண்டிகளைப் பின்னால் தள்ளியவன். குதிரைக்குக் கண்ணாடி ஏது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதியம் மூன்று பேரும் பெட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை கூரைத் தகட்டில் அடித்தது. அப்னர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் வண்டியை எடுத்தபோது வலது கண்ணாடி இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. என் மணிக்கு இரண்டரைக்கு ரோமனை வீட்டில் இறக்கிவிட்டேன். அவன் நேராகத் தொழுவத்துக்குப் போனான். சலோமா ஒரு பாட்டில் ஆப்பிள் வெண்ணெயோடு டிரக் ஓரமாக வந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்னர் ரெண்டு நாளா சாப்பிட வரல."

"பல்லு வலிக்குதோ என்னவோ."

"கேட்டா வேலை இருக்குங்கறான். அவனுக்கு வேலை இருந்து நான் பார்த்ததில்ல."

நான் பாட்டிலைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். உருளாமல் என் கோட்டைச் சுற்றி வைத்தேன்.

"யூரா அந்தக் கதைய வீடு வீடா சொல்லிட்டாரு," என்றாள். "எல்லாரும் சிரிக்கறாங்க. நாளைக்கு எல்லாரும் சமாதானம்னுதான் சொல்வாங்க."

"நல்லதுதானே, சலோமா."

"நல்லதுதான். எங்க பெஞ்சுல நான் நாலாவது. மூணு பேர் சொல்லி முடிச்சதும் யூரா என் பக்கம் குனிவாரு. ரொம்ப மெதுவாத்தான் கேப்பாரு. நானும் மெதுவாத்தான் சொல்லணும். யாருக்கும் கேக்காது." கதவு விளிம்பிலிருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். "அந்த ஆறு வாரம், சின்ன மேசைல தட்ட வெச்சுட்டு நான் திரும்பிக்குவேன். ரோமன் சாப்பிடற சத்தம் கேக்கும். இன்னொரு தடவை என்னால அது முடியாது. ஆனா பொய் சொல்லிட்டு அந்த ரொட்டியத் தொடவும் முடியாது."

தொழுவத்தில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க பகல் பூரா கூட இருக்கீங்க, க்ளெண்டா. சொல்லுங்க. ரோமனுக்கு டிரக் ஓட்டத் தெரியுமா?"